பச்சை மூன்று, சிவப்பு மூன்று

நூலகத்தின் நிலக்கீழ் அறையில்
ஸ்காபரோவின் எங்கள் துண்டை
மேசை நிறைய விரித்து வைத்திருந்தார்கள்.
கோப்பி இருந்தது. பிஸ்கற் இருந்தது.
பிஸ்கற் நான் வேலைசெய்யும் தொழிற்சாலையுடையது,
தொடவில்லை.

ஆளுக்கு ஆறு ஒட்டுப்பொட்டு.
பயமில்லாத இடத்துக்குப் பச்சை மூன்று,
பயமான இடத்துக்குச் சிவப்பு மூன்று.
சரி பிழை கிடையாது, மனதில் பட்டதை ஒட்டுங்கள்
என்றாள் மாநகரசபைப் பெண் கோர்ட்னி.

எனக்கு முன்னால் வந்தவர்கள்
சொல்லிவைத்தாற்போல்
பிளாசாவின் பின்புற நடைபாதையிலேயே
சிவப்பை ஒட்டியிருந்தார்கள்.
கொப்பளிப்பான் போட்ட பிள்ளையின் முதுகு மாதிரிக்
கிடந்தது அந்த இடம்.
அவர்களில் பாதிப்பேர்
காரில் வந்தவர்கள்.

அந்த வழியால்தான் பதினொரு வருடமாய்
இரவு பன்னிரண்டே முக்காலுக்கு
பஸ்ஸால் இறங்கி நடக்கிறேன்.

முதலில் புதரை வெட்டினார்கள்.
அதற்குள் ஒளிந்திருந்தது
ஒரு ரக்கூன் குடும்பம் மட்டும்.
பிறகு வாங்கின் நடுவே இரும்புக் கைபிடி,
ஒருவரும் நீட்டிப் படுக்காமல் இருக்க.
அதில் படுத்தவர் பெயர் மொரிஸ்.
ஒருநாள் நான் வராமல் விட்டதற்கு
மறுநாள் கேட்டார், நேற்று லீவா என்று.
என் வரவுக்குக் கணக்கு வைத்திருந்த
ஒரே ஆள் அவர்தான் இந்த ஊரில்.
கைபிடி வந்தது. மொரிஸ் போனார்.
கமராவும் வந்தது.
அதன் கண்ணுக்குக் குறுக்கே சிலந்தி வலை கட்டியதை
சலவைக்கடை ரொவேனாதான் எனக்குக் காட்டினாள்.

கடைசியாய் லைற்.
ஊசியில் நூல் கோர்க்கலாம், அப்படி வெளிச்சம்.
உள்ளே கால் வைத்ததும்
அப்பால் உள்ளதெல்லாம் கறுத்துப்போகும்.
என்னை எவரும் பார்க்கலாம்.
நான் எவரையும் பார்க்க ஏலாது.
வசனம் மறந்து மேடையேறியவள் போல
கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நடப்பேன்.
நிழல் நாலாய்ப் பிரிந்து
நாலு பக்கமும் ஓடப் பார்க்கும்.

மாசி மாதம், ஒரு வியாழன்.
வெளிச்சம் முடிகிற இடத்தில் ஓர் உயரமான உருவம்.
தலையை மூடிய கறுப்புச் சட்டை,
கை இரண்டும் பொக்கற்றுக்குள்.
சாவிகளை விரலிடுக்கில் செருகி
முஷ்டியை இறுக்கிக்கொண்டு
மூச்சை எண்ணி எண்ணி நடந்தேன்.
அம்மா, என்றது உருவம்.
வழுக்குது, பார்த்து வாங்கோ.

மிதுஷன். பதினாறு வயது.
நான் பெற்று, நான் தலை துவட்டிய பிள்ளை.
என் கையைப் பார்த்தான்.
ஒன்றும் சொல்லவில்லை.
பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தான்.

அதன்பிறகு அவன் வரும் இரவுகளில்
தலைமூடியைத் தள்ளிவிட்டு,
காது சிவக்கச் சிவக்க,
ஃபோன் வெளிச்சத்தைத் தன் முகத்திலேயே அடித்தபடி
தூரத்திலேயே நிற்கிறான்.
எனக்காக என்றுதான் முதலில் நினைத்தேன்.
பிளாசாக் காவலாளிக்கு, நாயோடு வரும் பெண்ணுக்கு,
இன்னும் எத்தனை பேருக்காக
அந்த முகத்தை ஏந்திக்கொண்டு நிற்கிறானோ.

கோர்ட்னி, இதற்கு எந்த நிறம்?
கேட்கவில்லை.
ஆங்கிலம் இருந்தது, வாய் வரவில்லை.

பச்சை மூன்றையும் ஒரே இடத்தில் ஒட்டினேன்,
ரொவேனாவின் சலவைக்கடை யன்னலில்.
ஒரு மணிவரை நின்று
யாருடையவோ விரிப்புகளை மடிப்பாள்.
நிமிர்ந்து பார்ப்பாள், மடிப்பாள்.
கண்ணாடியில் ஆவி படிந்தால் புறங்கையால் துடைப்பாள்.
அவ்வளவுதான்.
வரைபடத்தில் அது வெறும் சாம்பல் கட்டம்.
ஓர் இடத்துக்கு ஒன்று போதுமே, என்றாள் கோர்ட்னி.
காணாது, என்றேன்.

சிவப்பில் ஒன்றைக் கைபிடி வாங்கில்.
ஒன்றை லைற் கம்பத்தில்.
நான் பிழையாய் ஒட்டிவிட்டேன் என்று நினைத்து
பக்கத்தில் நின்றவர் நல்ல மனதோடு
அதை உரித்து நடைபாதைக்கு மாற்றிவிட்டார்.
பேசாமல் இருந்துவிட்டேன்.

மூன்றாவதை ஒட்ட அங்கே இடமிருக்கவில்லை.
வீட்டு வாசலில் பூட்டைத் திறக்கும்போது
சாவியில் ஒட்டினேன்.

பனி உருகியதும் நடைபாதைக்கு
இன்னும் நாலு லைற் வருகிறதாம்.
பொட்டு அதிகம் விழுந்த இடமாம்.
என்னுடையதும் அதற்குள் ஒன்று.